இரவு உழவுக்கு டிராக்டரில் எந்த விளக்கைப் போடுவது?

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் 45 எச்.பி. டிராக்டர் வைத்து வாடகைக்கு உழவு ஓட்டும் நண்பர் ஒருவரின் கேள்வி இது. கோடை வெயிலைத் தவிர்க்கப் பொழுது சாய்ந்த பிறகே ரோட்டவேட்டர் (சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) ஓட்டுவதாகவும், வண்டியோடு வந்த ஒற்றைப் பின்விளக்கு போதவில்லை என்றும், கடையில் 180 வாட் எல்.இ.டி. பார் ஒன்றை மேற்கூரையின் முன்விளிம்பில் மாட்டினால் போதும் என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எத்தனை வாட் வாங்குவது, பேட்டரி தாங்குமா, பழைய ஹாலஜனே மேலா, தூரம் அடிக்கும் விளக்காக இருந்தால் காட்டுப்பன்றி வருவதையும் பார்த்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய ஐயங்கள். கேள்வி வாட் கணக்கில் இருந்தாலும், அவருக்கு வேண்டியது ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி கருவியும் நிலமும் கண் கூசாமல் தெரிவதுதான். அதற்கு விளக்கின் வாட்டைவிட, வெளிச்சம் எந்த இடத்தில் விழுகிறது என்பதும், அந்த விளக்குக்கு மின்சாரம் குறைவின்றிப் போய்ச் சேருகிறதா என்பதும் முக்கியம்.

நான் வேளாண் பொறியியல் படித்துவிட்டு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் டிராக்டர், அறுவடை இயந்திரங்களின் மின்வேலையைத் தொழிலாகப் பல ஆண்டுகள் செய்து வருபவன். கீழே சொல்வதில் பெரும்பகுதி எவரும் ஒரு மீட்டரை வைத்து அளந்து சரிபார்க்கக்கூடியது. ஓரிரண்டு செய்திகளில் மட்டும் விவரமறிந்தவர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. அவற்றை அந்தந்த இடத்திலேயே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது வண்டியின் வேகம் மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர்தான். 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 1.4 மீட்டர்தான் நகர்கிறோம். ஆகவே முன்னால் 15 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால், எதிரே வரும் கல்லையோ மின்கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியையோ பார்த்து நிறுத்துவதற்குப் பத்து நொடிக்குமேல் அவகாசம் கிடைக்கிறது. 200 மீட்டர் தூரம் போய் விழும் வெளிச்சத்தால் உழவு வேலைக்கு எந்தப் பயனும் இல்லை. நம் பகுதி நிலங்களில் உண்மையான ஆபத்து நேர் எதிரில் இருப்பதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம். கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறுகள் தருமபுரி மாவட்டம் முழுவதும் கொல்லைகளின் ஓரத்திலேயே இருக்கின்றன. சால் முடிந்து முனையில் வண்டியைத் திருப்பும்போது முன்விளக்கு பழைய திசையையே பார்த்துக்கொண்டிருக்க, வண்டி இருட்டுக்குள் திரும்புகிறது. அந்தக் கணத்தில் கிணற்று மேட்டைக் காட்டக்கூடியது பக்கவாட்டில் அகலமாகப் பரவும் வெளிச்சம் மட்டுமே. கடைக்காரர் சொல்லும் நீளமான பார் பெரும்பாலும் ஒளியை ஒரே இடத்தில் குவிக்கும் ஸ்பாட் வகையாகவோ, நடுவில் ஸ்பாட்டும் ஓரத்தில் ஒளியை அகலமாகப் பரப்பும் ஃபிளட்டும் கலந்த காம்போ வகையாகவோ இருக்கும். அதன் வலிமை முழுவதும் நடுவிலேயே குவிந்து போய்விடுகிறது.

அடுத்து பின்பக்கம். ரோட்டவேட்டர் ஓட்டுபவர் பாதி நேரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால்தான் பார்க்கிறார். பிளேடுகளில் பழைய சொட்டுநீர்க் குழாயோ கொடியோ சுற்றிக்கொண்டதா, பின்தட்டு ஒழுங்காகப் படிகிறதா, ஆழம் ஒருசீராக இருக்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டின் அருகே யாரேனும் வந்து நிற்கிறார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். எனவே பணத்தைப் பின்பக்கத்தில் முதலில் செலவழிக்கச் சொல்வேன். 60 பாகைக்குக் குறையாத விரிவுள்ள இரண்டு ஃபிளட் விளக்குகளை, மட்கார்டுகளின் பின்மூலைகளிலோ மேற்கூரையின் பின்கால்களிலோ ஆளுக்கொரு பக்கமாக வைத்து, வெளிச்சத்தின் நடுப்பகுதி ரோட்டவேட்டரின் பின்தட்டுக்குச் சற்றுப் பின்னால் விழும்படி சாய்க்க வேண்டும். ஒற்றை விளக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் கருவியை வண்டியோடு பிணைக்கும் லிங்கேஜ் கம்பிகளின் நிழலும் சக்கரத்தின் நிழலும் கருவியின் ஒரு பாதியை மறைத்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்புகிறது. இந்த இரண்டு விளக்குகளும் சேர்ந்து உண்மையாகவே 3,000 லூமன் (விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு) தந்து, அதில் பாதிக்குமேல் 6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கொண்ட இடத்தில் விழுந்தால் அங்கே ஏறத்தாழ 60 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்) கிடைக்கும். முழுநிலவு வெளிச்சம் 0.3 லக்ஸைத் தாண்டாது என்பதோடு ஒப்பிட்டால், 60 என்பது கருவியைக் கவனிக்கத் தாராளமான அளவு என்பது விளங்கும்.

கலப்பை ஓட்டுபவர்களுக்கு இதில் ஒரு சிறு மாற்றம் உண்டு. ஒன்பது கொத்துக் கலப்பையிலோ சட்டிக் கலப்பையிலோ, உழுத மண்ணுக்கும் உழாத மண்ணுக்கும் இடையிலுள்ள கோடு தெரிவதே வேலையின் உயிர். அந்தக் கோட்டைக் கண்ணுக்குக் காட்டுவது கட்டிகளின் நிழல்தான். தலைக்கு மேலிருந்து செங்குத்தாக விழும் வெளிச்சத்தில் நிழல் இல்லாமல் மண் தட்டையாகிவிடுகிறது. தாழ்வாக, ஒரு பக்கத்திலிருந்து நிலத்தைத் தடவிச் செல்லும் வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டியும் நிழல் வீசி, சால் வரி வரியாகத் தெரிகிறது. வாங்குவதற்கு முன் ஒரு கைவிளக்கை இடுப்பு உயரத்தில் பிடித்தும் தலைக்குமேல் பிடித்தும் உழுத கொல்லையில் பார்த்தாலே இந்த வேறுபாடு புரியும். செலவும் இல்லை.

மேற்கூரையின் முன்விளிம்பு வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் புழுதி. பங்குனி, சித்திரையில் காய்ந்த செம்மண்ணில் ரோட்டவேட்டர் கிளப்பும் புழுதி, காற்று திரும்பினால் வண்டியையே மூடிக்கொள்ளும். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், புழுதித் துகள்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நேராகக் கண்ணுக்கே வருகிறது. எதிரே வெள்ளைத் திரை தொங்குவதுபோல் ஆகிவிடுகிறது. விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே தூரம் கூடக் கூட இந்தத் திரை மெலிகிறது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தையில் இறங்கும் பனிமூட்டத்துக்கும் இதே விதிதான். ஆகவே முன்பக்க வேலை விளக்குகளைப் பம்பரின் இரு முனைகளிலோ, முன்விளக்கின் உயரத்தில் வெளிப்பக்கமாகவோ வைப்பது நல்லது. பானட்டுக்கு மேலே வைத்தால் பளபளப்பான பெயின்ட்டில் பட்டு வெளிச்சம் திரும்பிக் கண்ணைக் கூசவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிறத்தைப் பற்றிய பேச்சில்தான் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி வருகிறது. மஞ்சள் வெளிச்சம் பனியையும் புழுதியையும் ஊடுருவிச் செல்லும் என்று ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். பனித்துளியும் புழுதித் துகளும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியவை என்பதால், அவை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சிதறடிக்கும். ஆகவே ஊடுருவும் என்ற விளக்கம் இயற்பியல்படி வலுவாக இல்லை. ஆனால் நீலம் குறைந்த வெளிச்சத்தில் கண் கூச்சம் குறைவு என்று பலர் உணர்வது பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அது கண்ணைப் பொறுத்தது, ஆளுக்கு ஆள் மாறுகிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண், கூடக் கூட நீலம் பாயும்) என்று அச்சிட்ட நீலம் பாய்ந்த வெள்ளையைவிட 4,000 முதல் 5,000 கெல்வின் வரையிலான வெள்ளையில் செம்மண்ணின் நிறவேறுபாடு நன்றாகத் தெரிகிறது, பூச்சிகளும் நீல வெளிச்சத்தை நாடும் அளவுக்கு அதை நாடி வருவதில்லை. கடையில் இரண்டும் இருந்தால் பின்னதை எடுங்கள். ஒன்றுதான் இருந்தால் அதற்காக அலைய வேண்டாம்.

இப்போது 180 வாட்டுக்கு வருகிறேன். மலிவான விளக்குகளின் பெட்டியில் போடும் வாட் என்பது, உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லுகளின் எண்ணிக்கையைச் சில்லு ஒன்றுக்கு இவ்வளவு தாங்கும் என்ற எண்ணால் பெருக்கிய கணக்கு. 9 சில்லுகள், ஒவ்வொன்றும் 3 வாட், ஆகவே 27 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த விளக்கு உண்மையில் எவ்வளவு இழுக்கிறது என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இருக்க வேண்டியதில்லை. 180 வாட் என்று அச்சிட்ட பார் ஒன்றை ஒருவர் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது, எஞ்சின் ஓடும் நிலையில் அளந்து பார்த்தோம். 13.8 வோல்ட்டில் 3.1 ஆம்பியர் காட்டியது. பெருக்கினால் 43 வாட்தான். 180 வாட் உண்மையாக இருந்திருந்தால் 13 ஆம்பியர் காட்டியிருக்க வேண்டும். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஆனால் வீட்டு மின்வேலைக்கு வைத்திருக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர்கள் பல ஏ.சி. மின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், டி.சி. அளக்கும் கிளாம்ப் வேண்டும், அல்லது மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து விளக்கோடு வரிசையாக இணைக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் கையில் தூக்கிப் பாருங்கள். உண்மையான வாட்டேஜ் உள்ள விளக்குக்கு வெப்பத்தை வெளியேற்ற அலுமினியம் வேண்டும். அலுமினியம் இருந்தால் கனம் இருக்கும். பெரிதாகவும் லேசாகவும் உள்ள விளக்கை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

தரமான எல்.இ.டி. வேலை விளக்கு வாட் ஒன்றுக்கு 80 முதல் 110 லூமன் வரை தரும். ஹெச் 3 வகை 55 வாட் ஹாலஜன் பல்பின் வெளியீடு ஏறத்தாழ 1,450 லூமன். ஆகவே உண்மையான 20 வாட் எல்.இ.டி. ஒன்று, 55 வாட் ஹாலஜன் ஒன்றின் வேலையை மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்துவிடும் என்பது நம்பத்தக்க கணக்கு. அதிர்வில் இழை அறுந்துபோகும் தொல்லையும் எல்.இ.டி.யில் இல்லை. ஹாலஜனுக்கும் ஒரு பெருமை உண்டு. பல்பு போனால் எந்த ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும், எல்.இ.டி. போனால் விளக்கையே மாற்ற வேண்டும். நண்பரின் நிலையில், வண்டியின் மின்கொள்ளளவைப் பார்க்கும்போது எல்.இ.டி.தான் சரி. ஆனால் வண்டியின் பழைய முன்விளக்குக்குள் ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்பைச் சொருகுவதை மட்டும் செய்ய வேண்டாம். அந்தக் குழிவான ரிஃப்ளெக்டர், இழை இருக்க வேண்டிய புள்ளியை வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒளி வேறிடத்திலிருந்து புறப்பட்டால் கற்றை சிதறி, நமக்கும் வெளிச்சம் குறைந்து, எதிரே வருபவர் கண்ணையும் கூசவைக்கும்.

பேட்டரி தாங்குமா என்ற கேள்விக்குப் பதில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. இந்தக் குதிரைத்திறன் அளவில் பல மாடல்களில் 12 வோல்ட், 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான் வருகிறது, சிலவற்றில் 42. உங்கள் வண்டியின் எண் ஆல்டர்னேட்டரின் உடம்பிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அந்த 36 ஆம்பியர் எஞ்சின் நல்ல வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. ஐடிலில், அதாவது எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போது, அதில் ஒரு பகுதிதான் வரும். முன்விளக்குகள் இரண்டும் 9 முதல் 10 ஆம்பியர், மற்ற சிறு விளக்குகளும் மீட்டரும் 2 அல்லது 3 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் செய்தபின் பேட்டரி தன் பங்கைத் திருப்பி நிரப்பிக்கொள்ள வேண்டும். இதற்குமேல் 55 வாட் ஹாலஜன் நான்கு போட்டால் இன்னும் 16 ஆம்பியர். கணக்கு ஏறத்தாழ முட்டிவிடுகிறது. வண்டி நின்று ஐடிலில் ஓடினால் பேட்டரியிலிருந்து போகத் தொடங்கும். 20 வாட் எல்.இ.டி. நான்குக்கு 6 ஆம்பியர் போதும். மேற்கூரையைச் சுற்றிச் சீரியல் விளக்கும் பெரிய ஸ்பீக்கரும் மாட்டிவிட்டு, பின்விளக்கு மங்குகிறது என்று வருபவர்கள் இந்தக் கணக்கைப் பட்டறைக்கு வரும் முன்பே போட்டிருக்கலாம்.

விளக்கு நன்றாக இருந்தும் வெளிச்சம் வராத வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி ஒயர்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு 55 வாட் ஹாலஜன் விளக்குகள் சேர்ந்து ஏறத்தாழ 8.5 ஆம்பியர் எடுக்கின்றன. பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் பின் மட்கார்டு வரை 4 மீட்டர், திரும்பும் எர்த்துக்கு இன்னொரு 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 1.2 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகச் சரிகிறது. 13.2 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் போனால் வெளிச்சத்தில் கால் பங்குக்குமேல் போய்விடும். அதே இடத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நின்றுவிடும். எல்.இ.டி.யின் உள்ளிருந்து மின்சாரத்தைச் சீராக்கும் டிரைவர் சுற்று, மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டி எடுத்துச் சமாளிக்கும். அதற்கும் முடியாதபோது விளக்கு விட்டுவிட்டு எரியும், அல்லது அணைந்துவிடும். புது விளக்கு மினுக்குகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன், விளக்கின் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள்.

விளக்கின் மின்னோட்டம் முழுவதையும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக விடாமல், சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே போட வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30 என்ற முனைக்கு, 87-லிருந்து விளக்குக்கு, சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு என்பதுதான் வழக்கமான இணைப்பு. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பது விளக்கை அல்ல, ஒயரை. நடுவழியில் ஒயர் சேஸிஸில் உரசி வெட்டுப்பட்டால், ஃபியூஸுக்கு முன்னால் உள்ள பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை. டீசல் டேங்குக்குப் பக்கத்தில் போகும் ஒயரில் இது விளையாட்டல்ல. 20 வாட் எல்.இ.டி. நான்குக்கு 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். எர்த்தை மட்கார்டு போல்ட்டில் முடிந்து விடுவது எல்லோரும் செய்வது. பெயின்ட்டும் துருவும் சேறும் சேர்ந்த அந்த இணைப்பு ஒரு மழைக்காலம்கூட நிற்பதில்லை. எர்த்துக்கும் தனி ஒயரே இழுத்துவிடுங்கள். வாரண்டி காலம் முடியாத வண்டியாக இருந்தால், வண்டியோடு வந்த ஒயரிங்கை எங்கும் வெட்டாமல் பேட்டரியிலிருந்தே தனி வழி எடுப்பது பின்னால் வரும் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.

விளக்கின் ஆயுளைக் குறைப்பவை வெப்பமும் தண்ணீரும். எல்.இ.டி. சில்லு சூடாகச் சூடாக வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். முதுகில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் சேறு அடைத்துக் காய்ந்துவிட்டால் வெப்பம் வெளியேறாது. வாரம் ஒருமுறை குச்சியால் சுரண்டிவிடுவது எந்த விலையுயர்ந்த விளக்குக்கும் தேவையான பராமரிப்பு. தண்ணீர் விஷயத்தில், தூசியும் தண்ணீரும் புகாத அளவைக் குறிக்கும் ஐ.பி. எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது என்று பொருள். வாட்டர் சர்வீஸில் பம்ப் வைத்துப் பீய்ச்சும் தண்ணீரை அது தாங்கும் என்று பொருள் இல்லை. அதற்குரிய சோதனை ஐ.பி. 69கே, 80 பாகை செல்சியஸ் சூட்டுத் தண்ணீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் ஒரு சாண் தூரத்துக்குள்ளிருந்து அடித்துப் பார்ப்பது. பெட்டியில் அச்சிட்டிருப்பது உண்மையிலேயே சோதிக்கப்பட்டதா என்பதைக் கடையில் நின்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் உள்ளே நீர்த்துளி கோத்து வரும் விளக்குகளைத் திறந்து பார்த்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான்: கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் சரியாகவே இருக்கும், பின்னால் ஒயர் நுழையும் துளையைச் சுற்றிப் பச்சை நிறத்தில் செம்பு பூத்திருக்கும். எரிந்து சூடான விளக்கின்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. நல்ல விளக்குகளில் காற்று மட்டும் போய்வரும் சவ்வு ஒன்று பின்புறத்தில் சிறு குமிழாக இருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கை அணைத்துக் கால்மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள்.

மின்னழுத்த வரம்பு 10 முதல் 30 வோல்ட் வரை என்று போட்டிருக்கும் விளக்கை எடுப்பது நல்லது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனை கழன்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு கணம் எகிறும் மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்த மலிவு விளக்கைச் சுட்டுவிடும். வண்டியில் வெல்டிங் வைக்கும்போது பேட்டரி முனைகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதும் இதே வகைக் காரணத்தால்தான். டிரைவர் சுற்றின் தரத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. வண்டியில் தருமபுரி வானொலியின் எஃப்.எம். ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் கிளம்பினால் வடிகட்டும் உறுப்புகளை மிச்சம் பிடித்த விளக்கு அது.

வேறு இயந்திரங்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. கிருஷ்ணகிரி அணை ஆயக்கட்டில் கேஜ் வீல் (சேற்றில் புதையாத இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேடை (தண்ணீர் தேக்கி உழும் சேற்று உழவு) ஓட்டுபவர்களுக்குப் புழுதி இல்லை. ஆனால் தேங்கிய தண்ணீர் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பும் என்பதால் விளக்குகளைக் கூடுதலாகக் கீழே சாய்க்க வேண்டும். நெல் அறுவடை இயந்திரத்தில் கதிர் அறுக்கும் மேடை முழுவதும் நிழலில்லாமல் தெரிவதும், தானியத் தொட்டிக்குள்ளும் தானியம் கொட்டும் குழாயின் முனையிலும் ஆளுக்கொரு சிறு விளக்கு இருப்பதும் முக்கியம். பேட்டரி இல்லாமல் டைனமோவிலிருந்து நேராக விளக்கு எரியும் பவர் டில்லரில், எஞ்சின் வேகத்தோடு மின்னழுத்தம் ஏறி இறங்கும். டிராக்டருக்கு வாங்கும் எல்.இ.டி.யை அதில் நேரடியாக மாட்டக் கூடாது.

சாலையில் ஏறும்போது பின்பக்க வேலை விளக்கு அணைந்திருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. பின்னால் வருபவருக்குச் சிவப்பு தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை தெரிந்தால், எதிரே வரும் வண்டி என்றுதான் அவர் கணக்குப் போடுவார். காரிமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 44-இன்மேலேயே இருக்கும் ஊர். லாரிகள் வரும் வேகத்தில் அந்தத் தவறான கணக்குக்குத் திருத்தம் கிடையாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் வைப்பதையும் பொதுவாகத் தடுக்கின்றன. ஆகவே வேலை விளக்குகளுக்கு முன்விளக்கோடு சேராத தனிச் சுவிட்ச் வையுங்கள்; அது போட்டிருப்பதைக் காட்டும் சிறு சிவப்பு விளக்கு டாஷ்போர்டில் இருக்கட்டும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிரெய்லர்களின் பின்புறத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டும் செலவை, எந்த எல்.இ.டி.க்கும் முன்னால் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

காட்டுப்பன்றிக்குக் கையில் பிடிக்கும் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் பார்க்கும் விளக்கும் வேலை விளக்கும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக்க முயன்றால் இரண்டு வேலையும் கெடும். தூரத்தில் விழும் வலுவான வெளிச்சத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பக்கத்தில் இருட்டாகக் கிடக்கும் கிணறு தெரியாது.

நண்பர் வாங்க வேண்டியது, என் மதிப்பீட்டில், உண்மையாக 18 முதல் 20 வாட் இழுக்கும் ஃபிளட் விளக்கு நான்கு. இரண்டு பின்னால், இரண்டு முன்பம்பரின் முனைகளில், நேராகப் பார்க்காமல் சற்று வெளிப்பக்கம் திரும்பியவாறு. பணம் இப்போது குறைவாக இருந்தால் பின்னிரண்டும் ரிலேயும் 2.5 ஒயரும் ஃபியூஸும் முதலில். முன்னிரண்டு அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம். ரிலேயையும் ஒயரையும் நான்கு விளக்குக்கும் தாங்கும்படி இப்போதே போட்டுவிடுங்கள். பிராக்கெட் போல்ட்டுகளை முதல் நாளே முழுதாக முறுக்க வேண்டாம். ரோட்டவேட்டரை மாட்டி, வேலை செய்யும் ஆழத்துக்கு இறக்கி, ஓட்டுபவரே இருக்கையில் உட்கார்ந்து பார்க்க, இன்னொருவர் விளக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விளக்கின் கண்ணாடி ஓட்டுபவர் கண்ணுக்கு நேராகத் தெரியாத நிலையில், பின்தட்டின் இரு முனைகளும் ஒரே அளவில் தெரியும் வரை சாய்த்து, அங்கே ஸ்பிரிங் வாஷரும் லாக் நட்டும் போட்டு முறுக்கிவிடலாம். முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள். அதிர்வில் முதலில் தளர்வது இந்தப் போல்ட்டுகள்தான்.